கல்விக் கொள்கை, சமூக அறிவியலில் முனைவர் பட்டம்: உதவித்தொகையும் பயிற்சியும் – பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி



எம்.ஏ. அல்லது எம்.எட். முடித்த மகனோ மகளோ, "பி.எச்டி. பண்ணப் போறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் உடனே வரும். எத்தனை வருஷம் ஆகும்? செலவுக்கு யார் தருவார்கள்? முடித்த பிறகு என்ன வேலை? மகளாக இருந்தால் நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு: கல்யாணம் எப்போது?

இவை நியாயமான கேள்விகள். ஆனால் பதில் தெரியாததால் பல வீடுகளில் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. மருத்துவம், பொறியியல், சி.ஏ. படிப்புகளுக்கு நம் ஜமாஅத்துகள் வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. கல்வியியல், பொருளியல், சமூகவியல் துறைகளில் ஆய்வு செய்வது பற்றி அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குறையை ஓரளவு போக்கவே இந்தக் கட்டுரை. முதலில், இந்தத் துறை நம் சமுதாயத்துக்கு ஏன் தேவை என்பதைப் பார்ப்போம். பிறகு அந்த நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் தேடுவோம்.

சச்சார் கமிட்டி நமக்குக் கற்றுத் தந்தது

2005 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் அரசு, நீதிபதி ராஜேந்திர சச்சார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2006 நவம்பரில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்களின் நிலை பற்றி அதுவரை மேடைகளில் பேசப்பட்டவை பெரும்பாலும் ஆதங்கங்கள். சச்சார் குழு அவற்றை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டே பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள்.

அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவுக்குத்தான் போகிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான் என்று அறிக்கை காட்டியது. பல ஆண்டுகள் மறுத்துப் பேசியும் மாறாத ஒரு கருத்தை ஒரு எண் மாற்றத் தொடங்கியது.

இந்த எண்கள் தாமாக வரவில்லை. குழுவின் உறுப்பினர் செயலாளராக இருந்தவர் பொருளியல் ஆய்வாளர் அபூசாலிஹ் ஷெரீஃப். மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தேசிய மாதிரி ஆய்வுகளையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் அதன் பின்னால் உழைத்தார்கள். அந்தத் திறன் ஒரே நாளில் வருவதல்ல. முனைவர் பட்ட ஆய்வின்போது பல ஆண்டுகள் பயின்று பெறுவது.

ஆய்வு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே உதாரணம் உண்டு. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் முஸ்லிம்களில் பின்தங்கிய பிரிவினருக்குத் தரப்பட்ட 4 சதவீத இடஒதுக்கீட்டை, 2010-ல் உயர்நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் ரத்து செய்தது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் தகவல் திரட்டிய முறை போதுமானதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான குறைகூறல்களில் ஒன்று. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் ஒதுக்கீடு தொடர வழி செய்தது. கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கணக்கெடுத்த முறை பலவீனமாக இருந்தால் நீதிமன்றத்தில் அது தடுமாறும்.

தமிழகத்திலும் 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதனால் யார் பயன்பெற்றார்கள், எந்த மாவட்டம் பின்தங்கியிருக்கிறது, எந்தப் படிப்பில் நம் இடங்கள் நிரம்பவில்லை என்று யாராவது கேட்டால் ஆதாரத்துடன் பதில் சொல்ல நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சரிபார்ப்பது நம் மரபு

சமூக ஆய்வு நமக்கு அந்நியமான துறை அல்ல. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெறும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வொரு அறிவிப்பாளரையும் எடைபோட்ட விதமும் நாம் அறிந்ததே. 1332-ல் துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-ல் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்திலேயே இதைப் பற்றிப் பேசுகிறார். மூஸா (அலை) அவர்களின் படையில் 6 லட்சம் பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரிய படையை அந்த நிலப்பரப்பு தாங்குமா, அது ஓர் அணியாக நின்று போரிட முடியுமா என்று கேள்வி எழுப்புகிறார். பெரியவர் ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒரு எண்ணை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்றைக்கு இதே வேலையை எப்படிச் செய்வது என்பதற்கு ஓர் உதாரணம். உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வறிக்கை 2010-11 முதல் ஆண்டுதோறும் தயாரிக்கப்படுகிறது. 2019-20-ல் உயர்கல்வியில் இருந்த முஸ்லிம் மாணவர்கள் ஏறத்தாழ 21 லட்சம். 2020-21-ல் அது ஏறத்தாழ 19.2 லட்சமாகக் குறைந்தது. "ஒரே ஆண்டில் இவ்வளவு சரிவா" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி பரவியது. அடுத்த ஆண்டு, 2021-22-ல், எண்ணிக்கை மீண்டும் 21 லட்சத்தை எட்டியது. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

பயிற்சி பெற்ற ஆய்வாளர் இதை எப்படிப் பார்ப்பார்? சரிவுக்குக் காரணம் கொரோனாவா? அந்த ஆண்டுதான் கல்லூரிகள் இணையவழிப் புதிய படிவத்தில் தகவல் தரத் தொடங்கின. அந்த மாற்றம் எண்ணிக்கையைப் பாதித்திருக்குமா? எந்த மாநிலங்களில் சரிவு அதிகம்? இவற்றைக் கேட்ட பிறகே அவர் வாய் திறப்பார். அதே நேரம், ஆண்டுக்கு ஆண்டு மாறாத ஓர் உண்மையையும் அவர் மறைக்கமாட்டார். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நாம் 14.2 சதவீதம். உயர்கல்வியில் 2021-22-லும் 5 சதவீதத்துக்குக் குறைவு.

அகில இந்திய நிலை ஒன்று, தமிழக நிலை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 2001 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 73.5 சதவீதமாக இருந்தபோது, இங்குள்ள முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். எழுத்தறிவில் முன்னால் நின்ற நாம் பட்ட மேற்படிப்பிலும் ஆய்விலும் எங்கே நிற்கிறோம் என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. டெல்லியில் இருந்து எழுதுபவருக்கு இந்தக் கேள்வி தோன்ற வாய்ப்புக் குறைவு. காயல்பட்டினத்திலோ, ஆம்பூரிலோ, மேலப்பாளையத்திலோ வளர்ந்த பிள்ளைக்குத் தோன்றும்.

பயிற்சியில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

பி.எச்டி. என்றால் ஒரு தடித்த புத்தகம் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். புத்தகம் கடைசியில் வருவது. அதற்கு முன் நடப்பதுதான் பயிற்சி.

முதலில் பாடவகுப்பு. 2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி. விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு ஆய்வு மாணவர் வகுப்பில் படித்துத் தேர்ச்சி பெற வேண்டும். ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறையும் இதில் அடங்கும். பிறகு நெறியாளரின் துணையுடன் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று இதுவரை என்ன செய்தேன் என்று விளக்க வேண்டும். ஆய்வேட்டை நெறியாளரைத் தவிர குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். கடைசியாக வாய்மொழித் தேர்வு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? நம் கடலோர ஊர் ஒன்றில் பையன்கள் பிளஸ் டூ முடித்தவுடன் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள், கல்லூரிக்குப் போவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். இது உண்மையா என்று பார்க்க விரும்பும் மாணவர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று நூறு பேரிடம் கேட்டால் போதுமா? போதாது. அங்கே பெண்கள் இருக்கமாட்டார்கள். வளைகுடாவுக்குப் போனவர்களே இருக்கமாட்டார்கள். ஊரில் இருப்பவர்களை மட்டும் கேட்டு, ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி முடிவெடுத்தது போலாகும்.

அவர் செய்ய வேண்டியது வேறு. ஊரிலுள்ள வீடுகளின் முழுப் பட்டியலை எடுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாய்மார்களிடம் கேட்பதற்குப் பெண் கணக்கெடுப்பாளர்கள் வேண்டும். பள்ளிகளின் சேர்க்கை விவரத்தை யுடைஸ் தரவுடன் ஒப்பிட வேண்டும். பக்கத்து ஊரில், அதே வருமானமுள்ள பிற சமூகப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பதில் சொல்பவரின் சம்மதம் பெற வேண்டும், அவருடைய பெயரை வெளியிடக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் விடை நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை அப்படியே எழுத வேண்டும். சமுதாயத்தின் பெயரைக் காப்பாற்றுவதற்காக எண்ணை மாற்றுபவர் எழுதும் நல்ல செய்தியையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வு, தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய தரவுத் தொகுப்புகளைக் கணினியில் கையாளும் பயிற்சியும் இப்போது அவசியம். இதற்கென்றே இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் வழியாக ஆய்வு மாணவர்களுக்குப் 10 நாள் ஆய்வு முறையியல் பயிற்சிகளுக்கு நிதி தருகிறது. சிறிய கல்லூரிகளில் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் இந்த அறிவிப்புகளைத் தவறவிடக் கூடாது.

முதல் கேள்வி: எத்தனை வருஷம்?

விதிப்படி குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். தேவைப்பட்டால் மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். களஆய்வுடன் கூடிய சமூக அறிவியல் ஆய்வுக்கு 5 ஆண்டுகள் என்று மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வேலையில் இருக்கும் ஆசிரியர்கள், பணிபுரியும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகவும் செய்யலாம். ஆனால் அவர்களுக்கு உதவித்தொகை கிடைக்காது. எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. ஆகவே யாராவது "முதலில் எம்.ஃபில். சேருங்கள்" என்று சொன்னால் ஏமாற வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: யார் தருவார்கள்?

ஜே.ஆர்.எஃப்.: இதுவே முதன்மையான வழி. யு.ஜி.சி. நெட் தேர்வு ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 50 சதவீதம். ஜே.ஆர்.எஃப். பெற வயது வரம்பு 30. ஓ.பி.சி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. கல்வியியல், பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல், சமூகப்பணி, மக்கள்தொகையியல் எனப் பல பாடங்களில் எழுதலாம். ஆலிம் படிப்புடன் முதுகலையும் முடித்தவர்களுக்கு அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வுகளும் என்ற பாடமும் இருக்கிறது. மொழிப் பாடங்களைத் தவிர மற்றவற்றில் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதற்காக முன்கூட்டியே தயாராக வேண்டும்.

2023 ஜனவரி 1 முதல் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000. பிறகு மதிப்பீட்டுக் குழு திருப்தியடைந்தால் அடுத்த 3 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.42,000. ஐந்தாண்டுகளும் பெற்றால் கூட்டுத்தொகை ரூ.24 லட்சம். விடுதி வசதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. மகன் படிக்கிறானே தவிரச் சம்பாதிக்கவில்லை என்று கவலைப்படும் பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாடு செட் தேர்வை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உதவிப் பேராசிரியர் தகுதி மட்டுமே தரும், உதவித்தொகை தராது.

ஓ.பி.சி. தேசிய உதவித்தொகை: நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைக்காத ஓ.பி.சி. மாணவர்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் ஆண்டுக்கு 1,000 பேருக்கு வழங்குவது. நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை: 2009-10-ல் சிறுபான்மையினருக்காகத் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம் நம் முதல் தலைமுறை ஆய்வாளர்கள் பலரைத் தாங்கியது. 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வு செய்யப்பட்டு ரூ.738.85 கோடி வழங்கப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே பதிலில், 2022 டிசம்பரில், பிற திட்டங்களுடன் ஒன்றுக்கொன்று மேற்படுகிறது என்று காரணம் கூறித் திட்டத்தை 2022-23 முதல் நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்கனவே தேர்வானவர்களுக்கு மட்டும் அது தொடர்கிறது. இது நமக்குப் பெரிய இழப்பு. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்றும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கீழே உள்ள மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். உதவித்தொகை: சமூக அறிவியலில் ஏற்கனவே பி.எச்டி. பதிவு செய்து, வேறு உதவித்தொகை பெறாத முழுநேர மாணவர்களுக்கு மாதம் ரூ.20,000, இரண்டு ஆண்டுகள் வரை. நூல், பயணம் போன்ற இதர செலவுக்கு ஆண்டுக்கு ரூ.20,000. வயது வரம்பு 40 என்பதால் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் உதவும்.

மற்றவை: மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதி இல்லாமல் சேரும் முழுநேர மாணவர்களுக்கு மாதம் ரூ.8,000 உண்டு. உடன்பிறப்பு இல்லாத ஒற்றைப் பெண் பிள்ளைகளுக்குச் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் யு.ஜி.சி. தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்களுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. அதற்கான தகுதித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தேர்வானவுடன் பணம் கைக்கு வந்துவிடாது. முதல் தவணைக்குச் சில மாதங்கள் ஆகலாம், இடையிலும் தாமதம் ஏற்படலாம். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

சான்றிதழில் கவனம்

தகுதியிருந்தும் நம் பிள்ளைகள் வாய்ப்பை இழக்கும் இடம் இது. தமிழகத்தில் நம்மிடம் இருப்பது பி.சி. முஸ்லிம் சான்றிதழ். மாநில அரசின் கல்வி, வேலைவாய்ப்புக்கு அது செல்லும். நெட், மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஓ.பி.சி. தேசிய உதவித்தொகை ஆகியவற்றுக்கு மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். ராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லெப்பைப் பிரிவினர், தமிழ் பேசினாலும் உருது பேசினாலும், மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாப் பிரிவுகளும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மத்தியப் பட்டியலில் இல்லாதவர்கள் தகுதியிருந்தால் பொருளாதாரத்தில் நலிவுற்றோர் சான்றிதழ் பெறலாம்.

வளமான பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.8 லட்சம். சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கணக்கிடும் முறை தனி என்பதால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முஹம்மது என்ற பெயரை நாம் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். கணினிக்கு அவர்கள் நான்கு பேர்.

எங்கே சேரலாம்?

கல்விக் கொள்கைக்கென்றே இருப்பது டெல்லியில் உள்ள நீபா எனப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வுக்கான மையம் டாக்டர் ஜாகிர் உசேன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெர்லினில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1926 முதல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை வளர்த்து, 1937-ல் ஆதாரக் கல்வித் திட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்று, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானவர் அவர். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், டெல்லியில் ஜாமியா, அலிகரில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் ஆகியவையும் உண்டு.

ஊரை விட்டு வெகுதூரம் போக இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை அடையாறில், மால்கம் ஆதிசேஷையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். ஆதரவு பெற்றது, அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், திண்டுக்கல் அருகே காந்திகிராமம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்ற நம் சமுதாயக் கல்லூரிகளிலும் ஆய்வுத் துறைகள் செயல்படுகின்றன.

இடத்தைவிட முக்கியம் நெறியாளர். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம் என்பது விதி. சேரும் முன் அவர் எழுதியவற்றைப் படியுங்கள். அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

மகள் படிக்க விரும்பினால்

யு.ஜி.சி. விதிகள் பெண்களுக்கென்று சில வசதிகளைத் தந்திருக்கின்றன. ஆய்வை முடிக்க மேலும் 2 ஆண்டுகள் கூடுதலாகப் பெறலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு. திருமணமாகி வேறு ஊருக்குப் போனால், அதுவரை செய்த ஆய்வைப் புதிய ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆகவே படிப்பா, கல்யாணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சம்பந்தம் பேசும்போதே இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுவது நல்லது.

நம் பெண்கள் ஆய்வுக்கு வருவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வீட்டுக்குள் சென்று ஒரு தாயிடம், "மகளை ஏன் பத்தாம் வகுப்போடு நிறுத்தினீர்கள்?" என்று ஆண் ஆய்வாளர் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்று. ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கிடைக்கும் பதில் வேறு.

முடித்த பிறகு?

கல்லூரி ஆசிரியர் பணியே பலரும் நாடுவது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகள் தாமதமாக வருகின்றன, கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் காத்திருப்பவர்கள் பலர். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன: ஆராய்ச்சி நிறுவனங்கள், அரசுத் திட்டங்களை மதிப்பீடு செய்யும் அமைப்புகள், மாநிலத் திட்டக்குழு, யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் திட்டங்கள். ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதைச் செய்வதால் எனக்கு எந்தத் திறன் கைவரும் என்று பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுத்து வாங்காதீர்கள்

ஆய்வேட்டை எழுதித் தருகிறோம், பத்திரிகையில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்துடன் ஒத்திருப்பது 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் தர வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். விதியில் மாட்டிக்கொள்ளாவிட்டாலும், அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லி வாங்கும் பட்டம் பொய்ச் சாட்சி போன்றது. அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

பெரிய தொகை தேவையில்லை. ஓர் ஆய்வு மாணவரின் களஆய்வுக்கான பயணச் செலவை ஏற்கலாம். நெட் முதல் தாளுக்கு வார இறுதி வகுப்பு நடத்தலாம். தேர்ச்சி பெற்ற நம் பிள்ளைகளே வந்து பாடம் எடுப்பார்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் வட்டியில்லாக் கடன் தரலாம். ஜகாத் நிதியிலிருந்து இவற்றுக்குக் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் மதரஸாவின் சேர்க்கைப் பதிவேடும் நல்ல ஆய்வுக்கு அரிய ஆதாரங்கள். அவற்றைக் கரையான் அரிக்கவிடாமல் காத்து, தனிநபர் விவரங்கள் வெளியாகாதபடி ஆய்வாளருக்குத் திறந்துவிடலாம். நம் ஊருக்குக் கேள்வித்தாளுடன் ஒரு பிள்ளை வந்தால் சந்தேகக் கண்ணுடன் பார்க்காமல் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள்.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை உங்கள் பிள்ளை "பி.எச்டி. பண்ணப் போறேன்" என்று சொன்னால், அந்த நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "எதைப் பற்றி ஆராயப் போகிறாய்?" அந்தப் பதிலைப் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, அதைக் கொண்டு மக்களுக்கு நன்மை செய்பவர்களாக அவர்களை ஆக்குவானாக. ஆமீன்.